பிளெஸ்ஸி எறிந்த பந்து

சித்தூர்,
18.8.1996

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தனராஜ் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. சொல்ல வேண்டியது அதிகம். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. சுகம்.
2. சபை விளையாட்டு விழாவும் என் கணுக்காலும்.
3. பிளெஸ்ஸி எறிந்த பந்து.
4. அது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் இந்தச் சம்பந்தம் கைகூடாது என்பது.
5. நீங்கள் கேட்ட வெல்லம்.

முதலாவது. கர்த்தருடைய கிருபையால் நானும் மகள் பிளெஸ்ஸியும் சுகம். என் சுகத்துக்கு அடுத்த பகுதியில் ஒரு சிறு திருத்தம் உண்டு. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது?

இரண்டாவது. சுதந்திர தினத்தன்று மிஷன் பள்ளி மைதானத்தில் நம் சபையின் விளையாட்டு விழா நடந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு நடைப்போட்டி என்று ஒன்று வைத்தார்கள். நான் பெயர் கொடுக்கவில்லை, பிளெஸ்ஸி கொடுத்துவிட்டாள். நடைப்போட்டியில் எப்போதும் ஒரு கால் தரையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. முந்தின நாளே படித்துவிட்டுப் போனேன். மற்றவர்கள் படித்ததாகத் தெரியவில்லை, ஓடினார்கள். நான் விதிப்படி நடந்தேன். கடைசி வளைவில் சுண்ணாம்புக் கோட்டை மிதித்துவிட்டோமோ என்று குனிந்து பார்த்ததில் இடது கணுக்கால் பிசகிவிட்டது. ஆனாலும் முடித்தேன். கடைசி இடம்.

மூன்றாவது. அதன் பிறகு பெண்களுக்கான எறிபந்து. பிளெஸ்ஸிதான் கேப்டன். அவள் எறிந்த ஒரு பந்து எல்லையைத் தாண்டி, கயிற்றோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் வாயில் பட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டு, தோளில் கறுப்புப் பை மாட்டியிருந்தார். நம் சபைப் பையன் இல்லை. முன்பல்லில் பாதி போய்விட்டது. இவள் ஓடிப்போய் அவரை உட்காரவைத்து, ஐஸ் வண்டிக்காரரிடம் பால் ஐஸ் வாங்கி உதட்டில் வைத்துப் பிடித்தாள். மண்ணில் தேடிப் பல் துண்டை எடுத்து, கழுவி, காலித் தீப்பெட்டி ஒன்றில் போட்டுக் கொடுத்தாள். அவர் "ஹரவாயில்ல, ஹரவாயில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உதடு வீங்கியதில் 'ப' வரவில்லை. பெயர் கேட்டால் சொல்லவில்லை. மாறாக, "நீங்க ஸ்கூல்ல எந்த சஹ்ஜெக்ட் எடுக்கறீங்க?" என்று கேட்டார். வாயில் ரத்தம் வழியும்போது ஒருவர் கேட்கக்கூடிய கேள்வியா இது? "டிரில்" என்றாள் இவள். அவர் சிரித்தார். மறுபடி ரத்தம்.

நான்காவது. இதற்காகத்தான் கடிதமே. உங்கள் சபையிலுள்ள சுகிர்தம் அம்மாவிடம் பிளெஸ்ஸியை "டீச்சர்" என்று மட்டும் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். முதலில் வந்த இடம் "வெயில்ல நிக்கிற பொண்ணு" என்று போய்விட்டது. இரண்டாவது இடம், என் முகத்துக்கு நேராகவே, "டிரில் டீச்சர் கை சும்மா இருக்குமா?" என்றது. இவளுக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது. சுகிர்தம் அம்மாவின் மகன் ஆசிர் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டு ஜனவரியில் அமெரிக்கா போகிறார் என்கிறீர்கள். இது கைகூடாவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு பையனின் பல்லை உடைத்த பெண் என்று அந்த அம்மா காதில் விழக்கூடாது. பையனின் போட்டோ அனுப்புவதாகச் சொன்னீர்கள். இன்னும் வரவில்லை.

ஐந்தாவது. சர்க்கரை உள்ளவருக்கு வெல்லம் எதற்கு என்று கேட்கத் தைரியம் இல்லாததால் இரண்டு கிலோ வாங்கிவைத்திருக்கிறேன்.

தங்கள் ஜெபத்தை நாடும்,
தனராஜ்

---

திருப்பதி,
23.8.1996

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். என் சர்க்கரையைப் பற்றி நீ விசாரிக்க வேண்டாம். முப்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான்.

கணுக்காலுக்கு எக்ஸ்ரே எடு. புத்தூருக்குப் போய் முட்டையும் பச்சிலையும் வைத்துக் கட்டிக்கொண்டு வராதே. நீ போவாய் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்.

நீ மூன்றாவதாக எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உடைந்தது மேல்பல்லா, கீழ்ப்பல்லா? எந்தப் பக்கம்? உதடு கிழிந்ததா? தையல் போடும்படி இருந்ததா? ரொம்பக் கோபமாகப் போனானா? ஒரு நர்ஸ் என்ற முறையில் கேட்கிறேன். உடனே எழுது.

செப்டம்பர் 14, சனிக்கிழமை, பெண் பார்க்க வருவதாகச் சுகிர்தம் சொல்லியிருக்கிறாள். போட்டோவை அப்புறம் அனுப்புகிறேன். ஆள் நேரில் வரும்போது போட்டோ எதற்கு?

பிளெஸ்ஸிக்கு முத்தம்.

உன் அக்கா,
தபீதாள்

---

சித்தூர்,
28.8.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில். மேல்பல். அவருக்கு இடது பக்கம், நமக்கு வலது. உதடு கிழியவில்லை, வீங்கியது. கோபம் இல்லை, போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஆளை அடையாளம் வைத்துக்கொள்கிறாரோ என்று எனக்குக் கவலை.

புத்தூருக்குப் போனேன். மன்னிக்கவும். எலும்பு முறிவு இல்லை, நரம்புப் பிசகுதான் என்றார்கள். கட்டிலிருக்கும் முட்டை வாடைக்குத் தெருவிலுள்ள பூனைகள் எல்லாம் என் பின்னாலேயே வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒன்று கோயிலுக்குள்ளேயே வந்து, போதகர் ஜெபிக்கும்போது என் காலடியில் உட்கார்ந்துகொண்டது. பிளெஸ்ஸி, "நைனா, உனக்குத்தான் இன்னிக்கி மெம்பர் ஜாஸ்தி" என்கிறாள்.

இப்போது பிரச்சினை இதுதான். 14ஆம் தேதி அவர்கள் வரும்போது கட்டு இருக்கும். கால் எப்படி என்று கேட்பார்கள். விளையாட்டு விழா என்பேன். எனக்குப் பொய் வராது. மேலே ஒரு கேள்வி கேட்டால் எறிபந்து வரை போய்விடுவேன். ஆகையால், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லித் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா? அது பொய்யாகிவிடாமல் இருக்க நாளையே வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
தனராஜ்

---

திருப்பதி,
4.9.1996

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல்.

வெள்ளையடிப்பதைச் சொல்லத் தேவையே வரவில்லை. நான் வாய் திறப்பதற்குள் சுகிர்தமே வந்து, "அக்கா, பதினாலு வாணாம், அப்றம் பார்த்துக்கலாம்" என்றாள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். சரி என்றேன். அவள் முகம் சரியாக இல்லை. காபி கொடுத்தேன், குடிக்காமலே போய்விட்டாள்.

உன் காலுக்கு நேரம் கிடைத்தது என்று வைத்துக்கொள். பூனைகளுக்கு என் விசாரிப்பைச் சொல்.

தபீதாள்

---

சித்தூர்,
12.9.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். கட்டையும் அவிழ்த்தாகிவிட்டது. நொண்டல் லேசாக இருக்கிறது. வீடு வெள்ளையாக இருக்கிறது.

ஆனால் ஒரு புதுக் கவலை. நேற்றுப் பிளெஸ்ஸியின் பள்ளிக்கூடத்துக்கு அவள் பெயரில் ஒரு பார்சல் வந்தது. பெங்களூர் முத்திரை. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே ஸ்டீலில் ஒரு விசிலும் ஒரு துண்டுக் காகிதமும். "அடுத்த தடவை எறிவதற்கு முன் ஊதவும்" என்று எழுதியிருக்கிறது.

இது அந்தப் பல் போன ஆளின் வேலை என்பதில் சந்தேகமில்லை. வக்கீல் நோட்டீஸுக்கு முன் இப்படி ஏதாவது அனுப்புவார்களா? பிளெஸ்ஸியிடம் கேட்டேன்.

"நைனா, கேஸ் போடறவன் விசில் வாங்கி அனுப்புவானா?"

"பின்ன எதுக்கு அனுப்பினான்?"

"ஊதறதுக்கு."

அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். இன்று சாயங்காலம் வந்தபோதும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. சமைக்கும்போதும் கழுத்தில் கிடக்கிறது. ஆட்சேபிக்கலாமா என்று தெரியவில்லை. இவளுடைய அம்மா இருந்திருந்தால் பார்த்த உடனே புரிந்துகொண்டிருப்பாள். எனக்கு எதையும் மூன்று தடவை படித்தால்தான் புரியும்.

சுகிர்தம் அம்மா ஏன் காபி குடிக்கவில்லை?

அன்புடன்,
தனராஜ்

---

திருப்பதி,
25.9.1996

அன்புள்ள தம்பிக்கு,

விசிலைப் பற்றிப் பயப்படாதே. ஊதட்டும்.

மற்றது எனக்கே சரியாகப் படவில்லை. சுகிர்தம் என்னைக் கண்டால் வேறு வாசல் வழியாகக் கோயிலை விட்டுப் போகிறாள். போன ஞாயிறு பிடித்து நிறுத்தி, "எப்பதான் போறோம் சித்தூருக்கு?" என்றேன். "அக்டோபர்ல பாக்கலாம்க்கா" என்றாள். எந்தத் தேதி என்றேன். "நீங்க வேற நல்ல எடமா இருந்தா பாத்துக்கினு இருங்கக்கா, எங்களுக்காகக் காத்துக்கினு இருக்க வாணாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசமாம். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

நீ ஒன்றும் செய்யாதே. நான் விசாரிக்கிறேன்.

தபீதாள்

---

சித்தூர்,
1.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் யோசித்தேன். என் முடிவு இது: அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எறிபந்தைப் பார்த்தவர்கள் நூறு பேருக்குக் குறையாது. யாராவது திருப்பதி பஸ் ஏறியிருப்பார்கள்.

பிளெஸ்ஸியிடம் சொன்னேன். "ஆமா, நான் டிரில் டீச்சர்தான். அத்த எதுக்கு அத மூடி மூடி வெக்கறாங்க? பிடிக்கலேன்னா போவட்டும் நைனா" என்றாள். சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். மழை பெய்துகொண்டிருந்தது.

ஆகவே நானே சுகிர்தம் அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். மகள் டிரில் டீச்சர் என்பது, எறிபந்து, மேல்பல், கறுப்புப் பை, தீப்பெட்டி, விசில் எல்லாம். பிறகு அவர்கள் விருப்பம். மறைத்துக் கொடுத்தால் கல்யாண மேடையில் நான் எப்படி நிற்பேன்? உங்கள் அனுமதி வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் எழுதவில்லை.

அன்புடன்,
தனராஜ்

பின்குறிப்பு: உங்களுக்கு எழுதிய இதையும், சுகிர்தம் அம்மாவுக்குத் தயாராக எழுதிவைத்த அதையும் ஒன்றாகத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, இதைப் போடப் போகும்போதுதான் யோசனை வந்தது. பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. போஸ்ட்மேன் சாவி தர மறுத்துவிட்டார். அங்கேயே நின்று இதைப் பின்குறிப்பாக எழுதிச் சேர்க்கிறேன்.

---

தந்தி
திருப்பதி, 5.10.1996

தனராஜ். இனி யாருக்கும் எதுவும் எழுதாதே. தபீதாள்.

---

திருப்பதி,
9.10.1996

கர்த்தருக்குள் பிரியமான அண்ணன் தனராஜ் அவர்களுக்கு,

சுகிர்தம் எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு பக்கமும் படித்தேன். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நடுவில் நான் ஒரு தடவை பெங்களூருக்கு போன் போட வேண்டியிருந்தது.

அண்ணா, உங்களிடம் மறைக்க எனக்கும் ஒன்று இருந்தது. ஆகஸ்டு 16ஆம் தேதி காலையில் என் மகன் உதடு வீங்கி, முன்பல் உடைந்து வீட்டுக்கு வந்தான். கேட்டதற்கு, ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன் என்றான். அடுத்த வாரம் பெங்களூர் போனபோது அந்த ஸ்கூட்டரை நானே சுற்றிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. இவனுடைய அப்பா குடித்தே போனவர். அதைச் சபையில் யாரிடமும் நான் சொன்னதில்லை, தபீதாள் அக்காவுக்கும் தெரியாது. அவரும் இப்படித்தான் விழுந்து எழுந்து வருவார், இப்படித்தான் ஏதாவது சொல்வார். போதாக்குறைக்கு இவன் பையில் ஒரு தீப்பெட்டி. சிகரெட்டும் பிடிக்கிறான் என்று அதற்கும் சேர்த்து அழுதேன். திறந்துகூடப் பார்க்காமல் பிடுங்கி அலமாரியில் போட்டுவைத்தேன்.

தெரிந்தே ஒரு நல்ல வீட்டுப் பெண்ணை இவனுக்குக் கட்டிவைத்து, நான் பட்டதை அவளும் பட வேண்டுமா என்றுதான் பெண் பார்க்க வருவதைத் தள்ளிப்போட்டேன். நின்றே போகட்டும் என்றுதான் இருந்தேன். அக்கா முகத்தில் விழிக்க முடியாமல்தான் வேறு வாசல் வழியாகப் போனேன்.

உங்கள் கடிதத்தில் தீப்பெட்டி என்று பார்த்த உடனே எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். இருந்தது, அண்ணா. பாதிப் பல்.

பூத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். "டேய், சித்தூரு கிரவுண்டுல உனுக்கு இன்னாடா வேல?" என்றேன். போன் பில் மட்டும் ஓடியது. பிறகு "யார்மா சொன்னாங்க?" என்றான். நான் பூத்தில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து, பூத்துக்கார தாட்சாயணி யாரோ இறந்துவிட்டார்கள் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இல்லை, பல்லுதான் போச்சு என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

பெண்ணை முதலில் தூரமாக நின்று பார்த்துவிட்டு வா என்று அவனை அனுப்பியது யார் என்பதை நீங்கள் உங்கள் அக்காவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் இன்னும் அவர்களோடு பேசவில்லை.

உங்கள் மகள் டிரில் டீச்சர் என்பது எனக்கு முதலிலேயே தெரியும். "டீச்சர்" என்று மட்டும் சொல்லி அக்கா வாயை மூடிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. ஆளை விட்டு விசாரித்தேன். எனக்கு அதில் ஒன்றுமில்லை.

26ஆம் தேதி சனிக்கிழமை வரலாமா? பிளெஸ்ஸிக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

உங்கள் சகோதரி,
சுகிர்தம்

---

திருப்பதி,
11.10.1996

தம்பி,

ஆமாம், நான்தான் அனுப்பினேன். இரண்டு தடவை தவறிப் போனது. இந்தப் பையனாவது நம் பிள்ளையை அது ஓடியாடுகிற இடத்தில் பார்க்கட்டும், பிடித்தால் மேலே போகலாம், பிடிக்காவிட்டால் உனக்குத் தெரியாமலே முடிந்துவிடும் என்று நினைத்தேன். கயிற்றை விட்டுத் தள்ளி நில்லடா என்றுதான் சொன்னேன். அவன் கிட்டே போய் நின்றான். அதற்கு நான் என்ன செய்வேன்? அம்மாவிடம் சொல்லாதே என்றதும் நான்தான். அது இப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும்? சுகிர்தம் அத்தனை வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் கிடந்தாள் என்று நினைத்தால் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

26ஆம் தேதி நான் வரமாட்டேன். சித்தூர் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வர எனக்குத் தைரியம் இல்லை. நீயே பார்த்துக்கொள். எல்லாவற்றையும் விவரமாக எழுது. வெல்லத்தை அவர்களிடம் கொடுத்தனுப்பாதே. விசாரணை வரும்.

தபீதாள்

---

சித்தூர்,
28.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் எல்லோரும் சுகம். இந்த முறை அந்தச் சொல்லில் எந்தத் திருத்தமும் இல்லை. வரிசைப்படுத்த உட்கார்ந்தேன், முடியவில்லை. வந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். வாசலில் ஆசிரைப் பார்த்ததும் நான் வாங்க என்று சொல்வதற்குப் பதில் பல்லைப் பார்த்தேன். அவரும் உடனே வாயை மூடிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வேலூரில் உடைந்த பல்லுக்கு கேப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துப் பல்லைவிட வெள்ளையாக இருக்கிறது.

எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நான் மூன்று நாளாகத் தயார் செய்தேன். ஆனாலும் தட்டில் முறுக்கு வைத்துவிட்டேன். தட்டு அவர் முன்னால் போனபோதுதான் எனக்கே உறைத்தது.

பிளெஸ்ஸி உள்ளேயிருந்து பார்த்துவிட்டு, "நைனா! வேணும்னே வெச்சியா?" என்றாள்.

"இல்ல, இல்ல, துன்னுவேன்" என்று அவர் ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்தார்.

"டேய், கேப் போட்டு ஒரு வாரங்கூட ஆவல" என்றார் சுகிர்தம் அம்மா.

பிளெஸ்ஸி நேரே வந்து அவர் கையிலிருந்து முறுக்கை வாங்கிக்கொண்டு, கேசரித் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். பெண் பார்க்கும் சடங்கு என்று ஏதாவது இருந்ததென்றால் அது இவ்வளவுதான்.

பிறகு இருவரும் தோட்டத்தில் நின்று பேசினார்கள். நான் கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது.

"அன்னிக்கே யாருன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"வாயி தொறந்தாத்தான?"

"டிரில்னு சொன்னதும் எதுக்குச் சிரிச்சீங்க?"

"சயின்ஸா இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். சயின்ஸ் டீச்சரு பந்தே இப்டின்னா டிரில் டீச்சரு பந்து எப்டி இருக்கும்னு பயந்துக்கினு இருந்தேன். நீங்களே டிரில்னீங்க."

"அது மெதுவா எறிஞ்சது."

"தெரியும். அதான் சிரிச்சேன்."

பிறகு அவள், அமெரிக்காவில் கிரவுண்டு இருக்குமா, வேலை கிடைக்குமா, இல்லை வீட்டிலேயே உட்கார வேண்டுமா என்று கேட்டாள். அவர், தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது. வீட்டுக்குள் வந்து, "சரி நைனா" என்று மட்டும் சொன்னாள். நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையே சொன்னாள்.

சுகிர்தம் அம்மா சமையலறையில் வந்து நின்று, "அண்ணா, அந்தக் காயிதம் மட்டும் வரலேன்னா நான் எம் புள்ளய சந்தேகப்பட்டுக்கினே அமெரிக்காவுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பாலைப் பார்ப்பதாகத் திரும்பிக்கொண்டேன். பால் பொங்கிவிட்டது.

டிசம்பர் 28, சனிக்கிழமை, இங்கே நம் கோயிலில். அதற்கு முன் மூன்று ஞாயிறு இரண்டு சபையிலும் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர் உண்டா என்று போதகர் கேட்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கும். உங்கள் மேல் சுகிர்தம் அம்மாவுக்கு இருந்த கோபம் பாதி தணிந்திருக்கிறது. மீதிக்கு நீங்களே ஒரு காபி கொடுத்துப் பாருங்கள். இந்தத் தடவை குடிப்பார் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. என் ஆகஸ்டு கடிதத்தில் நான்காவதாக, பந்து விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் இந்தச் சம்பந்தம் கைகூடாது என்று எழுதியிருந்தேன். நன்றாக யோசித்துத்தான் எழுதினேன். அது தவறு. அந்தக் காகிதம் இன்னும் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து நான்காவதை மட்டும் அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
தனராஜ்